கப்படிப்பது யார் குற்றம்?

சாயங்காலம் ஆறரை மணிக்குத் தாம்பரம் போகும் மின்சார ரயில். கூட்டத்துக்கு நடுவில் ஒருவர் கையைத் தூக்கி மேல்கம்பியைப் பிடிக்கிறார். பக்கத்தில் நிற்பவர் முகத்தைத் திருப்புகிறார். இன்னொருவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்துகிறார். கல்லூரிக் கும்பலில் ஒருவன் "மச்சி, செம கப்புடா" என்கிறான். கூட இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். கம்பியைப் பிடித்தவர் காலையிலிருந்து சிமென்ட் மூட்டை தூக்கியவர் என்பது யாருக்கும் முக்கியமில்லை. குளிக்காத ஆள், சுத்தம் தெரியாத ஆள் என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

இந்தத் தீர்ப்பு அறிவியல்படியும் தப்பு, நியாயப்படியும் தப்பு.

முதலில் அறிவியல். புதிதாகச் சுரக்கும் வியர்வை நாறுவதே இல்லை! மனித உடம்பில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை எக்ரைன் வகை. அவை வெளியேற்றுவது தண்ணீர், கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான். அக்குள், தொடையிடுக்கு போன்ற இடங்களில் மட்டும் அபோக்ரைன் என்ற இன்னொரு வகை உண்டு. கொழுப்பும் புரதமும் கலந்த ஒரு திரவத்தை அது சுரக்கிறது. பருவ வயதில்தான் அது வேலையையே தொடங்கும். நாள் முழுக்கத் தெருவில் ஆடிவிட்டு வரும் அஞ்சு வயதுக் குழந்தையின் அக்குள் நாறாது, பத்தாம் வகுப்பு அண்ணனின் அக்குள் மட்டும் ஏன் நாறுகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

இந்தத் திரவத்துக்கும் சொந்தமாக நாற்றம் கிடையாது. தோலில் குடியிருக்கும் கோரினிபாக்டீரியம், ஸ்டெஃபிலோகாக்கஸ் ஹோமினிஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை உடைக்கும்போதுதான் அமிலங்களும் கந்தகச் சேர்மங்களும் உண்டாகின்றன. அழுகிய வெங்காயம் போல மூக்கைத் துளைப்பது அந்தக் கந்தகம்தான். இதைச் செய்யும் என்சைமை 2020ல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். அந்த ஆய்வில் கூட்டாளி யார் தெரியுமா? டியோடரன்ட் விற்கும் யூனிலீவர் நிறுவனம்.

இன்னொரு வேடிக்கை. கொரியா, சீனா, ஜப்பான் போன்ற நாடுகளில் பெரும்பாலானவர்களுக்கு ஏபிசிசி11 என்ற மரபணு வேறு விதமாக அமைந்திருக்கிறது. அவர்களுக்கு அக்குள் நாற்றம் மிகக் குறைவு (காதுக்குரும்பியும் காய்ந்த மாதிரி இருக்கும்!). அவர்கள் ஒழுக்கத்தில் உயர்ந்தவர்கள் என்பதாலா? ஒரே ஒரு மரபணு, அவ்வளவுதான்.

ஆக, நாற்றம் வருவதற்குப் பாக்டீரியாவோடு ஈரம், சூடு, நேரம் மூன்றும் வேண்டும். இந்த மூன்றும் யார் தலையில் கட்டப்பட்டிருக்கின்றன என்பதுதான் அடுத்த கேள்வி.

தி.நகரின் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்க்கும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கடை கொடுத்த சீருடை பெரும்பாலும் சிந்தெடிக் புடவை. காலையில் உடுத்தினால் இரவு கடை சாத்தும் வரை அதேதான். இவர்களுக்கு உட்கார ஒரு நாற்காலி கொடுக்க வேண்டும் என்று சொல்வதற்கே 1947ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021ல் திருத்த வேண்டியிருந்தது! உட்காரவே சட்டம் தேவைப்பட்ட இடத்தில், மத்தியானம் முகம் கை கழுவி ஜாக்கெட் மாற்றிக்கொள்ள ஒரு அறையை யார் கொடுக்கப்போகிறார்கள்?

துணி விஷயம் சாதாரணமானதல்ல. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014ல் உடற்பயிற்சி செய்தவர்களின் சட்டைகளை மறுநாள் முகர்ந்து பார்க்க வைத்தார்கள். பருத்தியைவிட பாலியெஸ்டர் மோசமாக நாறியது. நாற்றத்தைக் கிளப்பும் மைக்ரோகாக்கஸ் பாக்டீரியா பாலியெஸ்டரில் நன்றாக வளர்வதையும் கண்டார்கள். சித்திரை வெயிலில் அதே பாலியெஸ்டர் டீசர்ட்டை மாட்டிவிட்டு, ஹெல்மெட்டும் முதுகுப் பையுமாக உணவு டெலிவரிக்கு அனுப்புகிறார்கள். அந்த ஆள் சோற்றைச் சுமந்து வந்தால் "சர்வீஸ் லிஃப்டில் வரவும்" என்று போர்டு மாட்டும் அடுக்குமாடிகளும் உண்டு. சோறு மட்டும் மெயின் லிஃப்டில் வரலாம் போல!

அடுத்தது தண்ணீர். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கலாம். தெருமுனை லாரிக்காக வரிசையில் நின்று நாலு குடம் பிடித்த வீட்டில், குடிக்கவும் சமைக்கவும் போக எத்தனை பேர் எத்தனை முறை குளித்திருக்க முடியும்? தெருக்குழாயை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு அந்தக் கணக்கு ஒவ்வொரு கோடையிலும் கொஞ்சமாவது திரும்ப வருகிறது.

இதையெல்லாம் பார்க்காமல் மூக்கைப் பிடிப்பவர்கள் ஒரு பழைய வேலையைத்தான் செய்கிறார்கள். "அவங்க மேல ஒரு வாடை வரும்" என்பது இந்த ஊரில் சாதியைச் சொல்லாமல் சாதி சொல்லும் வழி. மீன் விற்பவர், தோல் பதனிடுபவர், குப்பை அள்ளுபவர் எல்லோரும் இந்தப் பேச்சை வாங்கியவர்கள். வேலையின் நாற்றத்தை ஆளின் நாற்றமாக்கி, ஆளின் நாற்றத்தைப் பிறப்பின் நாற்றமாக்கியது யார்?

இனி வியாபாரத்துக்கு வரலாம். அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர், ஆபரேஷன் நேரத்தில் கை வியர்க்காமல் இருக்க ஒரு மருந்து செய்தார். அவர் மகள் எட்னா மர்ஃபி அதை அக்குளில் பூசிப் பார்த்து, 'ஓடரோனோ' என்று பெயர் வைத்து விற்கத் தொடங்கினார். பெரிதாகப் போகவில்லை. வியர்வை யாருக்கும் அவமானமாகத் தெரியாததுதான் சிக்கல். விளம்பரக்காரர் ஜேம்ஸ் யங் 1919ல் ஒரு பெண்கள் பத்திரிகையில் புது மாதிரி விளம்பரம் போட்டார். உன்மேல் நாற்றம் வருவது உனக்கே தெரியாது, மற்றவர்களும் சொல்ல மாட்டார்கள் என்பதுதான் அதன் சாரம். சுமார் 200 வாசகர்கள் கோபத்தில் சந்தாவை ரத்து செய்தார்கள். விற்பனையோ அடுத்த வருடம் 4,17,000 டாலரைத் தொட்டது. பயம் நல்ல சரக்கு!

அதே சரக்குதான் இங்கேயும். ஸ்ப்ரே அடித்தவுடன் பெண்கள் ஓடி வருவதாகக் காட்டிய விளம்பரங்கள் எல்லை மீறிப்போய், 2011ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே தலையிட்டது. இன்னொரு பக்கம், நாற்றத்தை உண்மையிலேயே போக்கும் குளியல் சோப்புக்கு 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது 18 சதவீத வரி. சோப்புக்கட்டி 5 சதவீதத்துக்கு இறங்கியது 2025 செப்டம்பர் 22ல்தான். சுத்தம் சோறு போடும் என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதிவிட்டு, சோப்பு வாங்கினால் எட்டு வருடம் வரி!

"அதற்காகப் பக்கத்தில் இருப்பவன் மூச்சை அடக்கிக்கொண்டு சாக வேண்டுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்க வேண்டிய ஆள் வேறு. குழாயில் தண்ணீர், வீட்டில் வாஷிங் மெஷின், அலமாரியில் பத்து சட்டை எல்லாம் இருந்தும், ஒரே டீசர்ட்டை நாலு நாள் போட்டு, குளிக்காமல் மேலே ஸ்ப்ரே அடித்துக்கொண்டு வகுப்புக்கு வருபவர் இருக்கிறாரே, அவருக்கு எந்தச் சாக்கும் இல்லை. பாடி ஸ்ப்ரேயில் இருப்பது பெரும்பாலும் ஆல்கஹாலும் வாயுவும் வாசனையும். கழுவாத அக்குளில் அது கொஞ்ச நேரம்தான் நிற்கும். பிறகு மல்லிகையும் வெங்காயமும் சேர்ந்து வரும்!

வசதி உள்ளவர்கள் செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை:

1. அக்குள், தொடையிடுக்கு, கால்விரல் இடுக்கு மூன்றையும் தினமும் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். தண்ணீரை மட்டும் ஊற்றினால் போதாது.

2. துண்டால் ஈரம் போகத் துடைத்த பிறகே சட்டை. அக்குள் முடியைக் குறைத்தால் பாக்டீரியாவுக்கு இடம் குறையும்.

3. வெயில் காலத்தில் பருத்தி. ஒருமுறை வியர்த்த சட்டையும் சாக்ஸும் மறுநாள் வேண்டாம். துவைத்ததை நன்றாகக் காய வைக்க வேண்டும்.

4. சலூனில் சவரத்துக்குப் பின் தேய்க்கும் படிகாரம் நாட்டுமருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கும். கழுவிய அக்குளில் நனைத்துத் தேய்க்கலாம். காயமோ எரிச்சலோ இருந்தால் கூடாது.

5. வியர்வையையே குறைக்கும் ஆன்டிபெர்ஸ்பிரன்ட் வேறு பொருள். அதிலுள்ள அலுமினிய உப்பு வியர்வைக் குழாயின் வாயை அடைக்கிறது. இரவில், உலர்ந்த தோலில் பூசினால்தான் நன்றாக வேலை செய்யும்.

இவ்வளவு செய்தும் போகவில்லை என்றாலோ, உடல் வாடை திடீரென மாறினாலோ, சட்டை நனையும் அளவுக்கு எப்போதும் வியர்த்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நண்பனிடம் வாடை வந்தால்? எப்போதும் கூடவே இருக்கும் வாடையை மூக்கு பழகி மறந்துவிடும். அதனால் அவனுக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம். பட்டப்பெயர் வைக்காமல், தனியாகக் கூப்பிட்டு ஒரு வரியில் சொன்னால் போதும். வாட்ஸ்அப் குரூப்பில் மீம் போடுவது நட்பில் சேராது.

மேலே சொன்ன ஐந்தும் தண்ணீரும் நேரமும் மாற்றுத் துணியும் உள்ளவருக்குத்தான் பொருந்தும். இல்லாதவருக்கு அறிவுரை தேவையில்லை. கடை முதலாளி ஆளுக்கு மூன்று செட் பருத்திச் சீருடையும், கழுவிக்கொள்ளத் தண்ணீர் வரும் ஒரு அறையும், பத்து நிமிட இடைவேளையும் கொடுக்கட்டும். கல்லூரி நிர்வாகம் மே மாதத்தில் டையையும் முழுக்கைச் சட்டையையும் தளர்த்தி, ஹாஸ்டல் குழாயில் சாயங்காலமும் தண்ணீர் விடட்டும். டெலிவரி கம்பெனி பாலியெஸ்டரை மாற்றட்டும். அதுவரைக்கும் ரயிலில் மூக்கைப் பொத்துகிறவர்கள், அந்தக் கை தூக்கி வைத்த மூட்டையில்தான் தங்கள் வீட்டுச் சிமென்ட் வந்தது என்பதையாவது நினைத்துக்கொள்ளலாம்.