கோவிச்சுக்கிட்டு வந்தவள், கடத்திக்கொண்டு வந்தவள்

நம் ஊரில் ‘கோவிச்சுக்கிட்டு வர்றது’ என்று ஒன்று உண்டு. புருஷனோடு சண்டை, பையில் நாலு துணி, இடுப்பில் பிள்ளை, பஸ் ஏறி அம்மா வீடு. ஒரு வாரமோ ஒரு மாசமோ கழித்து மாமனார் வருவார், பெரியப்பா பேசுவார், கூட்டிப் போவார்கள். பேச்சு முறிந்தால் குடும்பநல நீதிமன்றம். அதிலுள்ள அநியாயங்கள் தனிக்கதை. ஆனால் தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குப் பிள்ளையோடு வந்தவளைக் கடத்தல்காரி என்று யாரும் சொல்வதில்லை.

அதையே நியூ ஜெர்சியிலிருந்து செய்தால்? அமெரிக்காவில் 1993இலேயே இதற்கென்று ஒரு மத்தியச் சட்டம் வந்துவிட்டது. பெற்றோரில் ஒருவரின் உரிமையைத் தடுக்கும் நோக்கத்தோடு, பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையை இன்னொருவர் நாட்டைவிட்டுக் கொண்டுபோனால் மூன்று வருடம்வரை சிறை. குடும்ப வன்முறைக்குப் பயந்து ஓடினேன் என்று வாதாடலாம். ஆனால் அதை அங்கே கூண்டில் நின்றுதான் சொல்ல வேண்டும்.

இப்படிப் போன பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதற்காக 1980இல் ஹேக் நகரில் ஓர் ஒப்பந்தம் உருவானது. நூறு நாடுகளுக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. இலங்கை 2001இலேயே சேர்ந்துவிட்டது. சிங்கப்பூர், ஜப்பான், ஏன், பாகிஸ்தான்கூட உள்ளே. இந்தியா மட்டும் வாசலிலேயே நிற்கிறது. அரசுத் தரப்பு சொல்லும் காரணம்: சேர்ந்தால், வெளிநாட்டில் அடிபட்டுப் பிள்ளையோடு ஓடிவரும் நம் பெண்களை நாமே திருப்பி அனுப்ப வேண்டிவரும். நான் மதிக்கும் பெண்ணியர்கள் சிலரும் இதையே சொல்கிறார்கள். இந்தப் பாதுகாப்பு போலி என்பதுதான் என் கட்சி.

அந்த வாதத்தில் உண்மையே இல்லை என்று சொல்லவரவில்லை. எங்கள் துறையில் வேலை செய்கிற எல்லோருக்கும் எச்-4 விசா தெரியும். புருஷனின் எச்-1பி-யோடு ஒட்டிக்கொண்டு வரும் விசா. அவன் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டாதவரை இவள் வேலைக்குப் போக முடியாது. விவாகரத்து ஆன அன்றைக்கே விசாவும் போச்சு. அங்கே பிறந்த பிள்ளையோ அமெரிக்கக் குடிமகன். அதாவது நாடு அம்மாவைப் பார்த்து ‘கிளம்பு’ என்கிறது, கோர்ட் பிள்ளையைப் பார்த்து ‘இங்கேயே இரு’ என்கிறது. இந்த நிலையில் ராத்திரி விமானம் ஏறுகிறவளை நோக்கி வாட்ஸப் குழுவில் ‘கிட்நாப்பர்’ என்று எழுதும் சக பொறியாளர்களுக்கு அந்த விசாவில் ஆறு மாசம் இருந்து பார்க்கச் சொல்லலாம்.

சரி, இந்தியா கையெழுத்துப் போடாததால் இவளுக்கு என்ன கிடைக்கிறது?

ஓடி வராதவளை முதலில் பார்ப்போம். நேர்மையாக அங்கேயே வழக்குப் போட்டு, பிள்ளையோடு ஊருக்குத் திரும்ப அனுமதி கேட்கிறாள். அதுகூட வேண்டாம், பாட்டியைப் பார்க்கக் கோடை விடுமுறைக்கு மூன்று வாரம் கேட்கிறாள். எதிர்தரப்பு வக்கீல் எழுந்து ஒரே வாக்கியம் சொன்னால் போதும்: “இந்தியா ஹேக்கில் இல்லை, போனால் பிள்ளை திரும்பி வராது.” பயண அனுமதியில் அந்த ஊர் நீதிபதிகள் எடைபோடும் விஷயங்களில் இதுவும் ஒன்று. சட்டத்தை மதித்தவளுக்கு டெல்லி தரும் பரிசு இது.

ஓடி வந்தவளுக்கோ லாட்டரிதான். கோவைக்கு வந்த ஒரு அம்மாவின் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் இங்கிலாந்திலிருந்து இரண்டு மகள்களோடு வந்தார். அப்பா ஆட்கொணர்வு மனு போட்டார். சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2015இல் உச்ச நீதிமன்றம், அங்குள்ள கோர்ட்தான் முதலில் உத்தரவு போட்டது, பிள்ளைகள் அங்கேயே போகட்டும் என்றது. 2017இல் வேறொரு வழக்கில் அதே உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதி அமர்வு, யார் முந்தினார்கள் என்பது முக்கியமில்லை, குழந்தையின் நலன்தான் முக்கியம் என்று அந்தப் பார்வையை மாற்றியது. எந்த வருடம் எந்த அமர்வு முன்னால் நின்றாய் என்பதில் பிள்ளையின் ஊர் முடிவாகிறது. ஹேக் ஒப்பந்தம் பேசுவது ஆறு வாரக் கணக்கு. இங்கே அந்தச் சகோதரிகள் காத்திருந்தது இரண்டரை வருஷம். ஏழு வயசுப் பிள்ளைக்கு இரண்டரை வருஷம் என்பது ஒரு பாஷை மறந்து இன்னொன்று நாக்கில் ஏறும் காலம். அதன்பிறகு எங்கே அனுப்பினாலும் அது இன்னொரு பிடுங்கல்தான்.

எனக்கு ஆத்திரம் வருவது மூன்றாவது ஆளை யாரும் பேசாததில். விடுமுறைக்கு என்று பிள்ளையைக் கூட்டி வந்து தன் அப்பா அம்மாவிடம் விட்டுவிட்டு, தான் மட்டும் திரும்பிப் போகும் கணவன். இப்போது அம்மா அங்கே, பிள்ளை இங்கே. அவள் இங்கே வந்தால் திரும்பிப் போக விசா நிச்சயமில்லை. வராமல் வழக்கு நடத்த முடியாது. 1956ஆம் வருடத்து இந்து இளவர் சட்டமோ இன்றைக்கும் இயற்கைக் காப்பாளர் என்று முதலில் எழுதியிருப்பது அப்பாவை. ‘நம் பெண்களைக் காப்பாற்ற’ கையெழுத்திடாத அதே இந்தியாதான் இவனுக்குப் புகலிடம்.

அப்படியே போய்க் கையெழுத்துப் போட்டுவிடலாமா என்றால், கூடாது. அந்த ஒப்பந்தத்தை எழுதியவர்கள் மனசில் இருந்தது தோற்றுப்போன அப்பா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் காட்சி. வழக்குகளை எண்ணிப் பார்த்தபோது கொண்டுபோனவர்களில் பத்துக்கு ஏழு பேர் அம்மாக்கள். குடும்ப வன்முறை என்ற வார்த்தையே ஒப்பந்தத்தில் கிடையாது. 13ஆம் பிரிவில் ‘பிள்ளைக்குக் கடுமையான ஆபத்து’ என்று ஒரு சின்னக் கதவு, அவ்வளவுதான். அம்மாவை அடித்தது பிள்ளைக்கு ஆபத்தா என்று ஒவ்வொரு கோர்ட்டிலும் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும்.

ஜப்பானும் இதே காரணத்தைச் சொல்லித்தான் வருஷக்கணக்கில் வெளியே நின்றது. 2014இல் சேர்ந்தபோது தனக்கென்று ஓர் உள்நாட்டுச் சட்டம் எழுதிக்கொண்டது. திருப்பி அனுப்புவதா என்று முடிவெடுக்கும் நீதிபதி, அம்மா மீதான வன்முறை பிள்ளையின் மனதைப் பாதிக்குமா என்பதையும் பார்க்க வேண்டும் என்று அதில் வெளிப்படையாக இருக்கிறது. நமக்கும் அதை எழுதத் தெரியாதா? கூடவே ஒரு வரி: பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்கிற நாடு, வழக்கு முடியும்வரை அம்மாவுக்கு உள்ளே வரவும் தங்கவும் விசா தர வேண்டும். தராவிட்டால் பிள்ளையும் வராது. இதைப் பேரம் பேசி வாங்க ஒரு அரசாங்கத்தால்தான் முடியும், கோயம்புத்தூரில் அப்பா பென்ஷனில் வக்கீல் வைத்திருக்கும் ஒரு பெண்ணால் முடியாது.

நம்மிடம் காகிதத்துக்குக் குறைச்சலில்லை. சட்ட ஆணையம் 2009இல் சேரச் சொன்னது, 2016இல் மறுபடி சொல்லி ஒரு வரைவு மசோதாவும் கொடுத்தது. நீதிபதி ராஜேஷ் பிந்தல் குழு 2018இல் தனி ஆணையம் அமைக்க யோசனை சொன்னது. சட்டம் மட்டும் வரவில்லை. ஒப்பந்தம் பதினாறு வயசுவரைக்கும்தான் பேசும். 2018இல் பிறந்த பிள்ளைக்கு 2034இல் பதினாறு முடிகிறது. அதுவரைக்கும் சென்னையில் காலை ஏழரை, நியூ ஜெர்சியில் ராத்திரி ஒன்பது. ஸ்கூல் வேன் ஹாரன் அடிப்பதற்குள் பத்து நிமிஷ வீடியோ கால்.