பெட்டியோடு நின்றுபோகும் எச்சரிக்கை

சிகரெட் பெட்டியின் முன்னும் பின்னும் 85 சதவீத இடம் எச்சரிக்கைக்கே என்ற விதி 2016 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இவ்வளவு பெரிய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கிய நாடுகள் உலகில் குறைவு. ஆனால், அந்த எச்சரிக்கைப் படம் யார் கண்ணில் படுகிறது? ஏதாவதொரு டீக்கடையை ஒட்டிய பெட்டிக்கடையில் சற்று நேரம் நின்றால் தெரிந்துவிடும். வருகிறவர் பிராண்டின் பெயரைச் சொல்லி “ஒண்ணு குடுங்கண்ணே” என்கிறார். கடைக்காரர் திறந்தே இருக்கும் பெட்டியிலிருந்து ஒன்றை உருவி நீட்டுகிறார். கயிற்றில் தொங்கும் லைட்டரில் பற்றவைத்துக்கொண்டு, டீ கிளாஸும் கையுமாக அவர் ஒதுங்கிவிடுகிறார். புண்ணாகிப்போன தொண்டையின் படம் கடைக்காரருக்கு மட்டுமே தரிசனம்.

ஒற்றை சிகரெட் விற்பனையைத் தமிழ்நாடு அரசு தடை செய்ய வேண்டும். படத்துக்கு இவ்வளவு போராடிவிட்டு, அதைப் பார்க்காமலேயே வாங்க வழி விட்டுவைத்திருப்பதில் அர்த்தமில்லை.

படத்தைப் பார்த்து யார் திருந்துகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. 2009 மே 31-இல் படங்கள் முதன்முதலில் வந்தபோது அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அப்போது ஒரு பக்கத்தில் 40 சதவீத இடம்தான். மெல்லும் புகையிலைப் பொட்டலத்தில் தேள் படம் போட்டார்கள். ‘தேள் மார்க் புகையிலை’ என்று யாராவது கேட்டு வாங்கியிருந்தாலும் வியப்பில்லை. படம் பெரிதாகி, உண்மையான நோயாளியின் வாயையும் கழுத்தையும் காட்டத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு, விட்டுவிடலாமா என்று யோசித்ததாகச் சொன்ன சிகரெட் புகைப்பவர்கள் 2009-10 தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில் 38 சதவீதம். 2016-17-இல் சுமார் 62 சதவீதம். யோசித்த எல்லோரும் விட்டுவிடவில்லைதான். ஆனால் யோசிக்காமல் யாரும் விடுவதில்லை.

படத்தின் வலிமை நம்மைவிடப் புகையிலை நிறுவனங்களுக்கு நன்றாகவே தெரியும். 85 சதவீத விதி 2014 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு, 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டியது. புகையிலைக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு காட்டும் இந்திய ஆய்வு இல்லை என்று ஒரு நாடாளுமன்றக் குழு கிளப்பிய சந்தேகத்தில் ஓராண்டு தள்ளிப்போனது. அந்தக் குழுவில் பீடித் தொழிலதிபரான எம்.பி. ஒருவரும் இருந்தார் என்பது நாடறிந்த கதை. விதி வந்ததும் பெரிய நிறுவனங்கள் உற்பத்தியையே நிறுத்திப் பார்த்தன. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்ததால் படம் தப்பியது. பலனில்லாத ஒரு படத்தை எதிர்த்து இத்தனை வழக்கறிஞர்களுக்கு யாரும் பணம் கொடுக்க மாட்டார்கள்.

நீதிமன்றத்தில் தப்பிய படம் பெட்டிக்கடையில் தோற்கிறது. புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் எச்சரிக்கையைப் பொட்டலத்தின் மீதுதான் கேட்கிறது. 2018 செப்டம்பர் முதல் பெட்டியில் அச்சாகும் 1800-11-2356 என்ற இலவச உதவி எண்ணும் ஒற்றையாக வாங்குபவரின் கைக்குப் போவதில்லை. இதில் அதிகம் சிக்குபவர்கள் பள்ளி, கல்லூரிப் பையன்கள். முழுப் பெட்டிக்குக் காசில்லாதவனுக்கும் ஒரு சிகரெட்டுக்குக் கிடைத்துவிடும். பழக்கம் தொடங்குவது அப்படித்தான். நாடு முழுவதும் புகையிலைப் பழக்கம் 34.6 சதவீதத்திலிருந்து 28.6 ஆக இறங்கிய அதே இரு கணக்கெடுப்புகளுக்கு இடையே, தமிழ்நாட்டில் அது 16.2-லிருந்து 20 சதவீதமாக ஏறியது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஒன்றிரண்டு வாங்கிக் குறைவாகப் புகைப்பவரை, பெட்டியே வாங்க வைத்து அதிகம் புகைக்க வைத்துவிடுவோமே என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. சிலருக்கு அது நடக்கலாம். இருந்தாலும், இன்னும் தொடங்காதவனைத் தடுக்கும் பலன் அதைவிடப் பெரிது. சிறு கடைக்காரரின் பிழைப்பு பற்றிய கவலையும் நியாயமே. அதற்காகத்தான் அபராதம் முதலில் சிறியதாக இருக்க வேண்டும், மொத்த விநியோகஸ்தர்களையும் பொறுப்பாக்க வேண்டும் என்கிறோம்.

தடை மட்டும் போதாது என்பதும் தெரிந்ததே. மகாராஷ்டிரம் 2020-இலேயே தடுத்தது. அங்கே ஒற்றை விற்பனை ஒழிந்துவிடவில்லை. எனவே மத்திய அரசு கனடாவைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிகரெட்டின் மீதும் எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டும் என்று 2023-இல் அந்த நாடு விதி கொண்டுவந்தது. அங்கே ஒன்றை உருவினாலும் எச்சரிக்கை கூடவே வரும். பீடி இலையில் இது நடக்காது. பீடி பெரும்பாலும் கட்டாகவே விற்பதால், கட்டைச் சுற்றிய மெல்லிய தாளில் படம் மங்காமல் அச்சாகிறதா என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் மத்தியச் சட்டம், மாநிலம் என்ன செய்ய முடியும் என்று கைவிரிக்கவும் இடமில்லை. ஹூக்கா பார்களை மூட இதே சட்டத்தைத்தான் தமிழ்நாடு சட்டப்பேரவை 2022-இல் திருத்தியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. கர்நாடகம் 2024-இல் தன் திருத்தத்தில் ஹூக்கா தடையோடு ஒற்றை விற்பனைத் தடையையும் சேர்த்து, வாங்குவதற்கான வயதை 21 ஆக உயர்த்தியது. அதற்கும் ஒப்புதல் கிடைத்துவிட்டது. அந்தத் திருத்தத்தை முன்மாதிரியாக வைத்து மசோதா எழுதச் சுகாதாரத் துறைக்குச் சில வாரங்கள் போதும். வரும் கூட்டத்தொடரிலேயே அதைப் பேரவையில் வைக்க வேண்டும்.