ஏழு வருஷம் பால் கிடையாது

போன ஞாயிற்றுக்கிழமை அருமனையில் விடிந்ததிலிருந்து மழை. மழை பெய்தால் ரப்பர் வெட்டு கிடையாது. வெட்டு இல்லாவிட்டால் அக்காவுக்குப் பொழுது போகாது. அக்காவுக்குப் பொழுது போகாவிட்டால் எனக்கு ஆள் வரும்.

வந்தது.

"எல தம்பி, இவனுக்க கூத்தை நீயே கேளு" என்றாள் அக்கா, நான் குடையை மடக்குவதற்கு முன்பே. "எனக்க முப்பது சென்ட் ரப்பர் விளையை வித்துக் குடுக்கணுமாம். தொரை கார் ரேஸ் ஓட்டப் போறாராம்!"

துரை சுவரோரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். பிளஸ் டூ முடித்தவன். வீட்டு ஸ்கூட்டரை இரண்டு தடவை ஓடையில் இறக்கிய அனுபவம் உண்டு.

"என்ன ரேஸ் மக்கா?"

"ஓப்பன் வீல், மாமா."

"அப்படின்னா?"

"வீலு நாலும் பாடிக்கு வெளியே நிக்கும். ஒரே ஒரு சீட்டு. மேலே கூரை கிடையாது. மட்கார்டு கிடையாது."

அக்கா என்னைப் பார்த்தாள். கூரையும் இல்லாமல் மட்கார்டும் இல்லாமல் ஒரு வண்டி அருமனை மழையில் ஓடினால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பின்னால் வெள்ளை வேட்டி கட்டி நடந்து வருகிறவர் அன்றோடு சரி!

"இதில பைசா உண்டுமா? நாளைக்கும் இந்த விளையாட்டு இருக்குமா? அதை மட்டும் விசாரிச்சுச் சொல்லு. நீ எழுதுகிறவன்லா?" என்று தீர்ப்பை என் தலையில் கட்டினாள் அக்கா. சாயாவும் இரண்டு ரசவடையும் நீதிமன்றக் கட்டணமாக முன்கூட்டியே வந்து சேர்ந்தன. சாப்பிட்ட பிறகு தப்பிக்க முடியுமா? ஒரு வாரம் உட்கார்ந்து விசாரித்தேன். தீர்ப்பின் நகல் கீழே.

முதல் விஷயம். இது நமக்கு அந்நியமான சமாசாரம் இல்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் ஆரம்பித்தது. யுத்த காலத்தில் போட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் வருஷா வருஷம் கார்கள் சீறின. பிறகு 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயப் பாதையே வந்துவிட்டது. கோயம்புத்தூரில் கரிவரதன் என்று ஒருவர், மாருதி 800 எஞ்சினை எடுத்து ஒற்றை சீட் வண்டியில் பொருத்தி, 'ஃபார்முலா மாருதி' என்று ஒரு ரகத்தையே உண்டாக்கினார். பணக்காரப் பிள்ளைகள் மட்டும் வெளிநாட்டு வண்டி வாங்கி ஓட்டிய விளையாட்டை ஓரளவாவது தரைக்குக் கொண்டு வந்த மனிதர். 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயப் பாதைக்கு அவர் பெயர்தான்.

அந்த ஃபார்முலா மாருதியில் ஓட்டிப் பழகிய கோவைப் பையன்தான் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குள் நுழைந்த முதல் இந்தியர். அந்த வருஷம் ஜூன் மாதம் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் ஒரு கூத்து நடந்தது. இருபது கார்களில் பதினான்கு கார்களுக்கு மிஷலின் டயர். அந்த ஊர்ப் பாதையின் சரிவான வளைவை டயர் தாங்காது என்று கம்பெனியே கையை விரித்துவிட்டது. பதினான்கு பேரும் ஒரு சுற்று ஒப்புக்குச் சுற்றிவிட்டு ஷெட்டுக்குள் போய்விட்டார்கள். மீதி ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவது. ஐந்து பாயின்ட். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் வாங்கிய முதல் பாயின்ட்!

"பாத்தியளா, எல்லாம் ரப்பருக்க மகிமை" என்றாள் அக்கா, இதைக் கேட்டதும். ரப்பர்க்காரியிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

மருமகன் முகம் மலர்ந்தது. "இரு, இனிமேல்தான் கணக்கு வருது" என்றேன்.

ஃபார்முலா ஒன்னுக்குப் பணம் மூன்று ஓடைகளில் வருகிறது. டிவி உரிமை ஒன்று. விளம்பரம் ஒன்று. மூன்றாவது, பந்தயம் நடத்தும் ஊர்க்காரன் கொடுக்கும் கட்டணம். ஆம், அவன்தான் கொடுக்க வேண்டும்! டிக்கெட் வசூல் அவனுக்கு; டிவி வசூல் அவர்களுக்கு. நம் ஊர்ப் பாஷையில் சொன்னால், பந்தலும் சாப்பாடும் பெண் வீட்டுச் செலவு. மொய்க் கவர் மட்டும் மாப்பிள்ளை வீட்டுப் பையில்.

இந்தியா இந்தக் கல்யாணத்தைப் பண்ணிப் பார்த்தது. கிரேட்டர் நொய்டாவில் புத் சர்க்யூட் கட்டி, 2011, 2012, 2013 என்று மூன்று வருஷம் பந்தயம் நடந்தது. மூன்றிலும் ஜெயித்தது ஜெர்மனியின் செபாஸ்டியன் வெட்டல். (முதல் வருஷம் பயிற்சியின்போது எல்லோரையும் நிறுத்தி வைத்தது ஒரு தெருநாய்.) இது விளையாட்டா கேளிக்கையா என்று உத்தரப்பிரதேச அரசோடு வரித் தகராறு. நடத்தியவர்களுக்குப் பணமுடை. 2013-க்குப் பிறகு பந்தயம் வரவில்லை. இங்கே சம்பாதித்ததற்கு இங்கே வரி உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017-ல். அதற்குள் கல்யாணம் முடிந்து பந்தலையும் பிரித்தாகிவிட்டது.

சென்னையில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 இரண்டு நாளும் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் தெருவில் ராத்திரிப் பந்தயம் நடந்ததே, அது ஃபார்முலா ஃபோர். ஏணியின் கீழ்ப்படி. முந்தின டிசம்பரில் நடக்க வேண்டியதை மிக்ஜாம் புயல் தள்ளிவிட்டது. அரசு பணம் இதற்கா என்று கோர்ட் வரை வழக்குப் போனது. ஆனால் விளக்கு வெளிச்சத்தில் நேப்பியர் பாலம் பக்கம் கார் பறந்ததை டிவியில் பார்த்த அன்றுதான் நம் மருமகனுக்கும் ஜுரம் கண்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

இங்கேதான் டிவி வருகிறது. விஷயமே அதுதான்.

பெர்னி எக்கிள்ஸ்டோன் என்று ஒரு பிரிட்டிஷ்காரர். 1970-களில் ஒரு பந்தய அணியின் சொந்தக்காரர். ஒவ்வொரு ஊர்ப் பந்தயத்தையும் ஒவ்வொருத்தன் தனித்தனியாக டிவிக்கு விற்றுக் கொண்டிருந்தபோது, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'எடுத்தால் முழு மூட்டை, இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை' என்று விற்கக் கற்றவர். கடைசியில் வியாபார உரிமையை நூறு வருஷப் பாட்டத்துக்கே எடுத்துவிட்டார்! தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்குக் கேபிள் வந்தபோது, கிரிக்கெட்டைத் தேடி ஸ்டார் ஸ்போர்ட்ஸ் பக்கம் போனவர்கள், ஞாயிறு சாயங்காலம் சிவப்பு நிற பெராரி வளைவதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டது அவர் புண்ணியம்தான்.

ஆனால் மூட்டை கட்டிய மகானுக்கு வயசாகிவிட்டது. இளவட்டங்களுக்குப் பின்னால் ஓடுவானேன், ரோலக்ஸ் வாட்ச் வாங்க அவர்களிடம் பணமா இருக்கிறது என்கிற ரீதியில் 2014-ல் ஒரு பேட்டி கொடுத்தார். பிரிட்டனில் எல்லோரும் இலவசமாகப் பார்த்த பந்தயத்தில் பாதி 2012-ல் கட்டணச் சானலுக்குப் போனது. 2019-லிருந்து நேரலை ஏறக்குறைய முழுவதுமே அங்கேதான்.

ரப்பர்க்காரர்களுக்கு இந்த வைத்தியம் தெரியும். மரத்தை முறித்து விற்கப் போகிற கடைசி வருஷத்தில், பட்டை போனால் போகட்டும் என்று தாறுமாறாக வெட்டி, இருக்கிற பாலை எல்லாம் இறக்குவோம். சிரட்டை நிறையும். வருமானம் ஜோர்தான். அடுத்த வருஷம் மரம் இருக்காது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இதைவிட மோசம். அங்கே ஓப்பன் வீலுக்கு இண்டிகார் என்று பெயர். 1911-ல் ஆரம்பித்த இண்டியானாபோலிஸ் 500 அவர்களுக்குத் திருவிழா மாதிரி. அணிச் சொந்தக்காரர்கள் ஒரு பக்கம், மைதானத்துக்காரர் டோனி ஜார்ஜ் மறு பக்கம். 1996-ல் பங்காளிச் சண்டை முற்றி, ஒரே நாளில் இரண்டு ஊரில் இரண்டு 500 மைல் பந்தயம்! ஒரே கோயிலுக்கு இரண்டு தேர் இழுத்தால் வடம் பிடிக்க ஆள் எங்கே? நல்ல ஓட்டுநர்கள் அங்கே. பேர்பெற்ற மைதானம் இங்கே. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் ஜனங்கள் நாஸ்கார் என்ற வேறு பந்தயத்தின் பக்கம் சாய்ந்தார்கள். அணிக்காரர்களின் அமைப்பு 2003-ல் திவால். இரண்டு கூட்டமும் சமரசமானது 2008-ல். பன்னிரண்டு வருஷம்! அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்தப் பந்தயத்தைப் பார்க்காமலே வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள்.

இப்போது புத்தி வந்திருக்கிறது. 2025-ல் இண்டிகாரின் அத்தனை பந்தயங்களும் ஃபாக்ஸின் இலவச ஒளிபரப்பில் வந்தன. ஃபாக்ஸ் கம்பெனி அந்த வியாபாரத்தில் மூன்றில் ஒரு பங்கையே வாங்கிக் கொண்டது.

ஃபார்முலா ஒன்னை 2017-ல் லிபர்ட்டி மீடியா என்ற அமெரிக்கக் கம்பெனி வாங்கியது. கடனோடு சேர்த்து விலை சுமார் 800 கோடி டாலர். அவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று என்ன தெரியுமா? அமெரிக்க ஒளிபரப்பு உரிமையை 2018-ல் ஈஎஸ்பிஎன்னுக்குப் பைசா வாங்காமல் கொடுத்ததுதான். மறு வருஷம் நெட்ஃப்ளிக்ஸில் ஒரு தொடர் வந்தது. காரைப் பற்றிக் குறைவு, காரில் இருக்கிறவனின் கோபதாபம் அதிகம். பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் பார்த்தார்கள். 2026-லிருந்து ஐந்து வருஷத்துக்கு அதே அமெரிக்க உரிமையை ஆப்பிள் கம்பெனி வாங்கியிருக்கிறது. இந்தத் தடவை சும்மா இல்லை, பெரும்பணம்.

"2018-ல வச்ச கன்னு, 2026-ல பால் குடுக்கு. கணக்கு சரிதான்" என்றாள் அக்கா. "ரப்பர் வச்சா ஏழு வருஷம் பால் கிடையாது. ஆனா அந்த ஏழு வருஷமும் வேலி கெட்டணும், களை பறிக்கணும், உரம் வைக்கணும். அந்த வெள்ளைக்காரனுக்கு ரப்பர் தெரியும் போலிருக்கு."

நான் ஒரு வாரம் படித்ததை அவள் ஒரு வாய் சாயாவில் முடித்துவிட்டாள்.

ஆனால் நம் தேசத்தில் என்ன நடக்கிறது? 2022 வரை ஸ்டார் ஸ்போர்ட்ஸில் வந்தது. 2023-ல் அவர்களுடைய சொந்த ஆப். 2024-ல் ஃபேன்கோடு என்ற ஆப் உரிமையை வாங்கியது. காசு கொடுத்தால் அழகாகத் தெரியும். சரிதான். ஆனால் காசு கொடுப்பவன் யார்? ஏற்கெனவே பைத்தியம் பிடித்தவன்! சும்மா சானல் மாற்றிக்கொண்டிருந்தவன் கண்ணில் பட்டு, அப்படியே மாட்டிக்கொள்கிற வழி அடைபட்டுவிட்டதே. என் மருமகன் சின்ன வயசில் தாத்தா மடியில் உட்கார்ந்து கேபிளில் பார்த்தவன். சென்னைப் பந்தயத்தில் அவனுக்கு ஜுரம் அடித்தது என்றால், கிருமி அப்போதே உள்ளே போயிருந்தது. பக்கத்து வீட்டில் எட்டு வயசுப் பையன் ஒருவன் இருக்கிறான். "ஃபார்முலா ஒன் தெரியுமாலே?" என்று கேட்டேன். "கணக்குப் பாடமா மாமா?" என்றான்.

2012-க்குப் பிறகு ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நம்மவர் ஒருவரும் ஓட்டவில்லை. திறமை இல்லாமல் அல்ல. கீழ்ப்படியிலிருந்து மேல்படி வரை ஏறப் பல கோடி வேண்டும். அதைக் கொடுக்கிற கம்பெனிக்காரன், தன் பெயரைப் பார்க்க டிவி முன்னால் எத்தனை பேர் என்று கேட்பான். ஆள் இல்லை என்றால் கையை உதறுவான். ஆக, அந்த எட்டு வயசுப் பையன் பார்க்கவில்லை என்றால், எங்கோ ஒரு கெட்டிக்காரப் பையனின் கார் நின்றுவிடும். இது அவனுக்கும் தெரியாது, இவனுக்கும் தெரியாது.

"அதனால தீர்ப்பு என்ன மாமா?" என்றான் மருமகன்.

"விளையாட்டு இருக்கும் மக்கா. பணமும் இருக்கும். ஆனா முப்பது சென்ட்ல வராது. முப்பது ஏக்கர் வித்தாலும் பாதி ஏணிதான் ஏறலாம். ஒரு காரை ஓட்டுகிறவன் ஒருத்தன். எஞ்சினுக்கு, டயருக்கு, கம்ப்யூட்டருக்கு, கேமராவுக்கு என்று அவனைச் சுற்றி நூற்றுக்கணக்கான பேர். அந்தக் கதவு கொஞ்சம் அகலம். முதல்ல ஆட்டோமொபைல் படி."

அவன் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆசையைச் சொன்ன பிள்ளையிடம் கணக்கைச் சொல்வது ஒரு பாவம்தான்.

அக்கா எழுந்து வந்து அவன் தலையைத் தடவினாள். "ஏழு வருஷம் காத்திருக்க எனக்குத் தெரியும்ல மக்கா. ஆனா மரம் எனக்க விளையில நிக்கணும். விளையை வித்திட்டு மரத்துக்கு உரம் வைக்க முடியுமா? நீ படி. அந்த ஆப்புக்கு எத்தனை ரூவான்னு சொல்லு, நான் கெட்டுகேன்."

கட்டினாள். ஒட்டுப்பால் விற்ற காசு. நேற்று ராத்திரி போனேன். மருமகன், அக்கா, பக்கத்து வீட்டு எட்டு வயசு, மூன்று பேரும் ஒரு கைப்பேசியைச் சுற்றி முட்டிக்கொண்டிருந்தார்கள். திரையில் ஏதோ ஊரில் மழை. கார்கள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போயின. பையன் வாயை மூடவே இல்லை.

அக்கா மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்து, ஆற்றாமையோடு கேட்டாள்:

"இத்தறை கோடி செலவாக்குதானுவளே, ஒரு மட்கார்டு வைக்க ஒருத்தனுக்கும் புத்தி இல்லியாடே?"