"35 போடுப்பா!"

தாம்பரம் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏதாவது ஒரு பங்க்கில் காத்து அடிக்கும் இடத்தில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். "எவ்ளோ சார்?" "35 போடுப்பா." மாருதிக்கும் 35, இன்னோவாவுக்கும் 35, நேற்றுதான் 17 அங்குல அலாய் மாட்டிய வண்டிக்கும் அதே 35! வீலுக்குப் பணத்தைக் கொட்டியவர், காத்தை மட்டும் குத்துமதிப்புக்கு விட்டுவிடுகிறார்.

சரி, கணக்குக்கு வருவோம். கம்பெனி கொடுத்த டயர் 185/65 ஆர்15, லோடு இண்டெக்ஸ் 88. டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டிய ஸ்டிக்கரில் 33 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கழற்றிவிட்டு 205/45 ஆர்17, 88 எக்ஸ்.எல். மாட்டியாச்சு. வெளிச்சுற்று கிட்டத்தட்ட அதேதான். ஆனால் டயரின் பக்கச்சுவர் 120 மி.மீ.யிலிருந்து 92க்கு இறங்கிவிட்டது.

இரண்டிலும் 88 தானே, 560 கிலோ தானே, பழைய காத்தே போதுமே என்று தோன்றும். அங்கேதான் வில்லங்கம்! ஐரோப்பியத் தர அளவுப்படி சாதாரண டயர் அந்த 560 கிலோவை 36 பி.எஸ்.ஐ.யில் தாங்கும், எக்ஸ்.எல். டயருக்கு 42 வேண்டும். ஆக, பழைய டயர் 33ல் சுமந்ததைப் புதுசு சுமக்க சுமார் 38 தேவை. பங்க் கணக்கு 35 இங்கே 3 குறைச்சல்.

"காத்து ஏத்தினா தூக்கிப் போடுதுங்க" என்று 30க்கு இறக்குபவர்களும் உண்டு. மெலிந்த பக்கச்சுவர், குறைந்த காத்து, வேளச்சேரி ரோட்டுப் பள்ளம். மூன்றும் சேர்ந்தால் ரிம் கோணும், டயர் புடைக்கும். மே மாத வெயிலில் ஐந்து பேரோடு திண்டிவனம் பக்கம் 100ல் போனால் சூடேறி வெடிக்கவும் கூடும். அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிக்கு ஃபோர்டு சொன்ன காத்து 26. டயர் கம்பெனி ஃபயர்ஸ்டோன் சொன்னது 30. டயரில் இருந்த குறையோடு வெயில், வேகம், பாரம், குறைந்த காத்து எல்லாம் சேர்ந்தன. 270 பேருக்கு மேல் செத்தார்கள். 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றார்கள்.

"டயர்லயே 51னு போட்டிருக்கே?" அது உச்சவரம்பு சாமி! கிரெடிட் கார்டு லிமிட் முழுவதையும் செலவழித்தே தீருவீர்களா?

கேட்க வேண்டியது ஒன்றுதான். வீல் விற்கும் கடைக்காரர் புது டயருக்கான காத்து அளவை பில்லில் எழுதித் தரட்டும், பழைய ஸ்டிக்கர் பக்கத்தில் புதுசு ஒட்டட்டும். எழுதத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். அளவைக் காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். ஓடிச் சூடான டயரில் கேஜ் கூடத்தான் காட்டும். அதை நம்பிக் காத்தை இறக்காதீர்கள்.

வண்டலூரில் திரும்பினால் ஒரகடம். அங்கே டயர் தொழிற்சாலையே இருக்கிறது. டயர் செய்யத் தெரிந்த ஊர்ப்பக்கம் காத்து அடிக்கத் தெரியவில்லை என்றால் வெட்கக்கேடுதானே?