எல்லா இருமலுக்கும் ஒரே புட்டியா?



புகைமூட்டக் காலம் வந்துவிட்டால், நம் வகுப்பறைகளில் வாய்ப்பாட்டைவிட இருமலே ஓங்கி ஒலிக்கிறது. 2015-ஆம் ஆண்டிலும் 2019-ஆம் ஆண்டிலும் சிலாங்கூரில் பள்ளிகளே மூடப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். பிள்ளை இருமத் தொடங்கியதும், புக்கிட் பெருந்துங்கில் பல வீடுகளில் முதலில் கைக்கு வருவது சீனர் மருந்துக்கடையில் வாங்கிய 'பெய் பா கோ' எனும் கருநிறப் பாகுதான். தோட்டத்தில் வாழ்ந்தவரை ஆடாதோடையும் தூதுவளையும் கொல்லையிலேயே கிடைத்தன. அடுக்குமாடி வீட்டில் கொல்லைக்கு எங்கே போவது?

சீன மருத்துவத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அதை நம்புவதாக எண்ணிக்கொண்டு, அதன் அடிப்படையையே நாம் கைவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

ஆங்கில மருத்துவம் மூச்சுக்குழாய் அழற்சி என்று ஒரே பெயரிட்டு அழைப்பதைச் சீன மருத்துவர் ஒரே நோயாகக் கொள்வதில்லை. குளிர்க்காற்று தாக்கியதா, வெப்பக்காற்று தாக்கியதா, சளி தேங்கியதா, நுரையீரல் வறண்டதா என்று பிரித்தறிகிறார். நாக்கைப் பார்க்கிறார், இரு கைகளிலும் நாடி பிடிக்கிறார், சளியின் நிறத்தைக் கேட்கிறார். வெளுத்து நீர்த்திருந்தால் குளிர். மஞ்சளாகக் கெட்டிப்பட்டிருந்தால் வெப்பம். சளி பிறக்கும் இடம் மண்ணீரல், அது சேரும் இடம் நுரையீரல் என்பது அவர்தம் கொள்கை. ஆகவேதான் இருமலுக்குப் போனவரிடம் செரிமானத்தைப் பற்றி விசாரித்து, ஐஸ் தண்ணீரையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் நிறுத்தச் சொல்கிறார். வாத பித்த கபம் பார்த்த நம் சித்த வைத்தியருக்கு இது புதுமையாகத் தோன்றியிராது.

பெய் பா கோவில் லோகாட் இலை, 'சுவான் பெய்' கிழங்கு, தேன் முதலியன உள்ளன. அது வறட்டு இருமலைத் தணிப்பதற்கானது. குளிரால் வந்த நீர்ச்சளி இருமலுக்குச் சீன மருத்துவரே அதைக் கொடுக்கத் தயங்குவார். தேன் கலந்திருப்பதால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

"மூலிகைதானே, என்ன செய்துவிடப் போகிறது?" என்ற பேச்சும் சரியன்று. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் சாங் சோங்சிங் எழுதிய நூலிலேயே 'மா ஹுவாங்' சேர்ந்த இருமல் மருந்து உண்டு. அச்செடியிலிருந்து 1885-இல் ஜப்பானியர் நாகாய் நாகயோஷி எபெட்ரினைப் பிரித்தெடுத்தார். அது மூச்சுக்குழாயை விரிக்கும். இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டவும் செய்யும். ஏற்கனவே ஆஸ்துமா மருந்து உறிஞ்சும் பிள்ளைக்கு இவை இரண்டும் சேர்வது நல்லதன்று. போதாக்குறைக்கு, பதிவில்லாத சில மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தின் பெட்டியில் 'எம்ஏஎல்' எனத் தொடங்கி 'டி' என முடியும் எண் இருக்கும். வாங்கும்போதே பாருங்கள்.

கிளினிக்கிற்குப் போனதும் ஆண்டிபயாட்டிக் கேட்டு அடம்பிடிப்பதும் இதே போன்றதுதான். திடீரென வரும் மூச்சுக்குழாய் அழற்சி பெரும்பாலும் வைரசால் வருவது. அதற்கு ஆண்டிபயாட்டிக் பயன்படாது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இரவில் இருமி, திடலில் ஓடியதும் இளைக்கும் பிள்ளைக்கு வெறும் சளி என்று முடிவுகட்டாதீர்கள், ஆஸ்துமாவாக இருக்கலாம். மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கிடையே தோல் உட்குழிந்தால், மணி அடிக்கும்வரை காத்திராமல் உடனே பெற்றோரை அழைத்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள். பெற்றோர்களே, வீட்டில் கொடுத்த புட்டியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். என்ன கொடுத்தீர்கள் என்று மருத்துவர் கேட்பார்.