வெந்நீருக்கு அஞ்சிய முன்வினை

ஒரு நாளும் தவறாது கோயிலில் விளக்கேற்றி வந்த தாயொருத்தியின் பிள்ளை இறந்துபடுகின்றான். அவள் மார்பில் அறைந்துகொண்டு, "சாமி, நான் உனக்கு என்ன குறை வைத்தேன்?" என்று கதறுகின்றாள். தோட்டத்து லயங்களிலாயினும் பட்டணத்து வீடுகளிலாயினும் இக்கதறலைக் கேளாத செவி நம்முள் இராது. அவள் கேட்டது கடவுளை. ஆயினும், கடவுள் வாய்திறக்கு முன்னரே விடைகூறப் பலர் முந்திக்கொள்கின்றனர். "எல்லாம் முன்வினைப் பயன்" என்பார் ஒருவர். "ஆண்டவன் தன் அடியாரைத்தான் சோதிப்பான்" என்பார் மற்றொருவர். "அவன் திருவிளையாடலை யார் அறிவார்?" என்று தலையசைப்பார் மூன்றாமவர். மூவரும் ஆறுதல் கூறிவிட்ட மனநிறைவோடு வீடு திரும்புவர். அவளோ, பிள்ளையை இழந்த துயரோடு, இழந்தமைக்குத் தானே காரணம் என்னும் பழியையும் சுமந்து கிடப்பாள்.

கடவுள் உண்டா இல்லையா என்னும் வழக்கை நாம் இங்கு எடுத்தோமில்லை. அன்பே வடிவானவன் ஒருவன் உளன் என்று நம்புவார் நம்புக. நமது வழக்கெல்லாம் அவன் பெயரால் விடைகூற முந்துவாரோடுதான். அவ்விடைகள் துன்புற்றாரைத் தேற்றுவன அல்ல. துன்பம் செய்தாரைக் காப்பன என்பதே நாம் நாட்டக் கருதுவது.

மலாயாத் தமிழர் மறக்கலாகாத சான்றொன்றை எடுத்துக்கொள்வோம். 1942, 1943 ஆம் ஆண்டுகளில் ஜப்பானியப் படையினர் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமான இரயில் பாதை போட்டனர். அதற்கென மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் 70,000 பேருக்கு மேல். அவருட் பெரும்பாலார் தோட்டத் தமிழர். சிலமாத வேலை, நல்ல கூலி என்று ஆசைகாட்டி அழைக்கப்பட்டோரும் உண்டு. வலிதிற் பிடித்து வண்டியேற்றப்பட்டோரும் உண்டு. அவர்கள் மாரியம்மனுக்குத் தீமிதித்தவர்கள், முருகனுக்குக் காவடி எடுத்தவர்கள், மாதாவின் முன் மெழுகுவர்த்தி ஏற்றியவர்கள், ஐவேளை தொழுதவர்கள். பக்தியிற் குறைந்தவரென்று அவரை எவரும் கூறவொண்ணாது.

1943 ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அப்பாதையோரக் கொட்டகைகளில் வாந்திபேதி புகுந்தது. அதே பாதையில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேரும் உழைத்தனர். அவர்களும் பசித்தனர், அடிபட்டனர், 12,000 பேருக்கு மேல் மாண்டனர். அஃதாவது, ஐவருக்கு ஒருவர். ஆசியத் தொழிலாளரிடையே சாவின் விகிதமோ அதனினும் மிகப் பெரிது. அவருள் மாண்டவர் ஏறத்தாழ 90,000 பேர் என்பது ஒரு மதிப்பீடு. எண்ணி எழுதுவார் இல்லாமையின் சரியான கணக்கு எவரிடமும் இல்லை. கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. நம்மவரோ குழிகளில் ஒன்றாகத் தள்ளி மூடப்பட்டனர்.

இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? கைதிகளோடு அவர்தம் படை மருத்துவர் இருந்தனர். கொதிக்கவைத்த நீரையன்றிக் குடிக்கலாகாது என்று கட்டளையிட்டனர், மலக்குழி வெட்டுவித்தனர், நோயாளரைப் பிரித்துவைத்தனர். நம்மவர் கொட்டகைகளில் அத்தகைய மருத்துவரும் இலர். ஒழுங்கு செய்வாரும் இலர். களைத்து வந்தவர் ஆற்றுநீரை அள்ளி அப்படியே குடித்தனர், மறுநாள் வீழ்ந்தனர்.

முன்வினை பேசும் பெரியோரே! உம்மை ஒன்று கேட்கின்றோம். ஒரே காடு, ஒரே மழை, ஒரே நோய். கொதிநீர்ப் பானை இருந்த கொட்டகையில் சாவு குறைந்தது. இல்லாத கொட்டகையில் பெருகிற்று. வெந்நீரைக் கண்டதும் உம்முடைய முன்வினை அஞ்சி அடுத்த கொட்டகைக்கு ஓடிற்றா? "மருத்துவர் வாய்த்ததும் அவரவர் நல்வினையே" என்று கூறுவீராயின், ஆட்களைப் பிடித்துச் சென்றவனும் பிரம்பால் அடித்தவனும் வினையின் வெறும் ஏவலாளராவர். அவருட் சிலரை 1946 ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி விசாரித்தனரே, அதுவும் பிழைதானா? முன்வினை என்னும் விடை கொன்றவனை விடுதலை செய்து, செத்தவனுக்குத் தண்டனை எழுதுகின்றது. இதனினும் கொடிய தீர்ப்பு வேறுண்டோ?

நிற்க. சோதனை என்பாரை நோக்குவோம். இவர் அரிச்சந்திரன் கதையை எடுத்து விரிப்பர். நாடு இழந்தான், மனைவியை விற்றான், சுடலை காத்தான். இறுதியில் யாவும் பெற்றான் என்பர். அக்கதையைத் தாங்கிநிற்பது அதன் முடிவன்றோ? பாம்பு தீண்டிய லோகிதாசன் உயிர்பெற்று எழுந்தான். ஆதலின் அது சோதனை. சயாமுக்குச் சென்ற மைந்தன் எழுந்தானா? அவன் வருவான் வருவான் என்று வழிபார்த்துக் கண்பூத்த தாய்மாருக்குச் சோதனையின் முடிவில் கிடைத்த பரிசு யாது? மீளாத சாவைச் சோதனை என்பது, மாணவனைக் கொன்றுவிட்டுத் தேர்வு நடத்தினேன் என்பதையொக்கும். எந்த ஆசானும் செய்ய நாணுவதை அன்புடைய கடவுள்மேல் ஏற்றிக் கூறுவார்தாம் கடவுளைப் பழிப்பவர், நாமல்லேம்.

இனி, திருவிளையாடல் என்பார். "இரயில் பாதை மனிதன் செய்த கொடுமை, இயற்கையின் சீற்றத்திற்கு என் சொல்வீர்?" என்று இவர் நம்மை மடக்குவர். தக்க வினாவே. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஞாயிறு. கிறிஸ்துமஸ் திருநாளுக்கென வேளாங்கண்ணியில் கூடியிருந்த யாத்திரிகரைக் கடல் வாரிச் சென்றது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் மாண்டவர் 6,000 பேருக்கு மேல். நம் பாட்டன்மார் பலர் பினாங்குக்குக் கப்பலேறிய துறைமுகமும் அந்நாகப்பட்டினமே. அன்று அதே அலை பினாங்கிலும் உயிர்களைக் கொண்டது. மாதா கோயிலினுள் நீர் புகவில்லை என்பதை அற்புதமென்று கொண்டாடினர் சிலர். கோயிற் படிக்கு எதிரேயுள்ள கரையில் கைக்குழந்தையோடு நின்றவள் மாதாவுக்கு வேண்டாதவளோ?

அன்று சுமத்ராவின் அருகே நிலம் நடுங்கியபோது இந்திய நேரம் காலை 6.30 மணியை ஒட்டியிருந்தது. அலை தமிழகக் கரையை அடைய அதன்பின் இரண்டு மணிக்கு மேல் ஆயிற்று. இரண்டு மணி நேரம்! தள்ளாத கிழவரும் மேட்டிற்கு நடந்திருக்கலாம். பசிபிக் கடற்கரை மக்களுக்காக ஹவாயில் 1949 ஆம் ஆண்டிலேயே எச்சரிக்கை நிலையம் அமைந்துவிட்டது. இந்துமாக் கடலுக்கோ அத்தகைய ஏற்பாடு இல்லை. அத்துணைப் பேரும் மாண்டபின், 2007 ஆம் ஆண்டில்தான் இந்தியா ஐதராபாத்தில் அதனை நிறுவிற்று. அலையை எழுப்பியது இயற்கை; அந்த இரண்டு மணி நேரத்தை வீணாக்கியது யார்? விளையாடினவன் ஆண்டவன் என்று கூறிவிட்டால் இவ்வினாவை எழுப்புவார் இலராவர்.

ஆயினும், நாம் நேர்மையாகக் கூறவேண்டுவதொன்று உளது. வெந்நீரும் எச்சரிக்கையும் எட்டாத துன்பமும் உலகில் உண்டு. ஒருவர் குற்றமும் இன்றிப் பச்சிளங் குழவி புற்றுநோயால் வாடுகின்றது. அது ஏன் என்று கேட்பார்க்கு நம்மிடம் விடையில்லை. விடையில்லாதவிடத்து வாய்மூடியிருத்தலே அறிவு, அதுவே அன்புமாம். கிறிஸ்தவர் போற்றும் யோபுவின் கதையை நோக்குமின். நண்பர் மூவர் வந்தனர்; ஏழு நாள் அவனோடு மண்ணில் அமர்ந்து பேசாதிருந்தனர். அதுவரை அவர் நண்பர். பின்னர், "நீ பாவம் செய்திருப்பாய்" என்று விளக்கந் தொடங்கினர். முடிவில் கடவுள் கடிந்துகொண்டது எதிர்த்துக் கேட்ட யோபுவின் நண்பரையே. தமக்காகப் பரிந்து பேசியவரையே! ஊழுக்கெனத் தனி அதிகாரம் வகுத்த நம் வள்ளுவரும், பிச்சையெடுத்து உயிர்வாழ்வார் நிலையைக் கண்டபோது ஊழென்று அமைந்தாரில்லை, படைத்தவனையே சபித்தார். பக்தருலகம் இவ்விரு நூல்களையும் வீசியெறியவில்லை என்பதை உன்னுக.

அன்பர்காள்! துன்புற்றார் தம் தெய்வத்தைப் பற்றிநின்று ஆறுதல் பெறுவாராயின் அப்பிடியை நாம் தளர்த்த வேண்டா. அது அவர்க்கும் அவர் தெய்வத்திற்கும் உரியது. ஆயின், பிறர் துன்பத்திற்கு விளக்கம் கூறும் உரிமை நமக்கில்லை. சாவு வீட்டிற்குச் செல்வோர் விளக்கத்தை வாயிலில் விட்டுச் செல்க. அங்கே அடுப்பு மூட்டுவார் உளரா, பிள்ளைகள் உண்டனரா என்று பார்க்க. வெளியே வந்தபின், அந்நோய்க்கு மருந்து ஏன் எட்டவில்லை, அவ்விபத்திற்குக் காவல் ஏன் இல்லை என்று, விடைசொல்லக் கடமைப்பட்டவரிடம் சென்று உரத்துக் கேட்க. கடவுளிடம் கேட்கவேண்டியதை அத்தாய் கேட்டுவிட்டாள். மனிதரிடம் கேட்கவேண்டியதை நாம்தாம் இன்னும் கேட்கவில்லை.