கண்காணிக்க வேண்டியது குழாயை, தொழிலாளியை அல்ல!

2021 பிப்ரவரி 10 அன்று திருவனந்தபுரம் கொச்சுவேளியில் உள்ள டிராவன்கூர் டைட்டானியம் ஆலையின் குழாயிலிருந்து ஃபர்னஸ் ஆயில் கசிந்து கடலில் கலந்தது. வேளிக் கடற்கரை கறுத்தது. மீனவ மக்கள் தவித்தனர். எண்ணெய் கடலைத் தொடும் வரை கசிவு தடுக்கப்படவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு மே 7 அன்று விசாகப்பட்டினம் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் கசிந்து 12 பேர் மாண்டனர். தொட்டியின் அடிப்பகுதியில் மட்டுமே வெப்பநிலை அளக்கப்பட்டது. மேலே ஏறிய வெப்பத்தை எவரும் அறியவில்லை. அபாயச் சங்கும் ஒலிக்கவில்லை.

தொட்டிக்குத் தொட்டி கேபிள் இழுக்கப் பெருஞ்செலவாகும் என்னும் சாக்கு இனிச் செல்லாது. பேட்டரியில் இயங்கும் கம்பியில்லா உணரிகள் வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளந்து, ஒன்றன் செய்தியை மற்றொன்று வாங்கிக் கடத்திக் கட்டுப்பாட்டு அறைக்குச் சேர்க்கின்றன. இதற்கான ‘வயர்லெஸ்ஹார்ட்’ நெறிமுறை 2010இலேயே சர்வதேசத் தரமாகிவிட்டது.

ஆனால் மூலதனம் இக்கருவியில் காண்பது பாதுகாப்பை அன்று, ஆட்குறைப்பை! சுற்றிவந்து அளவு குறிக்கும் தொழிலாளியின் கூலியை மிச்சப்படுத்துவதே அதன் கணக்கு. பேட்டரி தீரும், அலைவரிசையில் குறுக்கீடு நேரும். உணரி எண்ணைச் சொல்லும். ஓடிச்சென்று வால்வை மூடுவது மனிதக் கைதான். போபால் யூனியன் கார்பைடு ஆலையின் எம்.ஐ.சி. பிரிவில் 12 ஆக இருந்த இயக்குநர்களை 6 ஆகக் குறைத்த ‘சிக்கனம்’ 1984இல் எங்கே கொண்டு விட்டது என்பதை நாடு மறக்கவில்லை.

இக்கருவிகளுக்காகப் பன்னாட்டு நிறுவனங்களின் வாசலில் நிற்கவும் வேண்டியதில்லை. 1973இல் கேரள அரசு தொடங்கிய கெல்ட்ரான் இதே நகரில்தான் இருக்கிறது. அதன் ஆராய்ச்சிப் பிரிவாகப் பிறந்து வளர்ந்ததே இன்றைய திருவனந்தபுரம் சி-டாக். அறிவும் ஆற்றலும் பொதுத்துறையிடம் உள்ளன. ஒன்றிய அரசோ பொதுத்துறையை வளர்ப்பதற்கு மாறாக விற்பதிலேயே குறியாக இருக்கிறது.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. அபாயகரமான ஒவ்வொரு தொட்டியிலும் குழாயிலும் உணரிகள் கட்டாயமாக்கப்பட வேண்டும். அவற்றைப் பொதுத்துறை தயாரிக்க வேண்டும். உணரி வந்ததைக் காட்டி ஒரு தொழிலாளியைக்கூட நீக்கக் கூடாது. அபாய அளவுகள் நிர்வாகத்தின் திரையில் மட்டுமின்றித் தொழிற்சங்கத்திற்கும் உள்ளாட்சி மன்றத்திற்கும் உடனுக்குடன் தெரிய வேண்டும். மக்கள் சொத்தான டைட்டானியம் ஆலையே இதற்கு முன்மாதிரியாகட்டும்.

தொழில்நுட்பத்தை நாம் எதிர்க்கவில்லை. அதை லாபத்தின் காவல்நாயாக்குவதையே எதிர்க்கிறோம். அது உழைப்பவரின் உயிர்க்காவலாகும் வரை போராடுவோம்!